நீலக் கிளிப்

அன்று காலை அந்த வீட்டைச் சேவல் எழுப்பவில்லை. கைபேசி அலாரம்தான் எழுப்பியது. அந்த வித்தியாசத்தைப் பெரியவள் கவனித்திருந்தால், பின்வாசலைத் திறக்கும்போது கொஞ்சமாவது மனதைத் திடப்படுத்திக்கொண்டிருப்பாள்.

கவனிக்கவில்லை. தீவனச் சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கொட்டாவியோடு, கதவை முழங்கையால் தள்ளினாள்.

முதலில் இறகுகள். யாரோ தலையணையைக் கிழித்து உதறியது போல முற்றம் முழுக்க இறகு. அப்புறம் கோழிக்கூட்டின் கதவு. அகலத் திறந்து கிடந்தது. அதற்கும் அப்புறம்தான் அதன் குறுக்கே கிடந்த சேவல் கண்ணில் பட்டது. மேஸ்திரி என்று அதற்குப் பெயர். தான் ஒரு வேலையும் செய்யாமல் மற்றவர்களை அதட்டிக்கொண்டே திரியும் என்பதால் வந்த பெயர். இப்போது கழுத்து ஒரு பக்கம் திரும்பி, கால் இரண்டும் விறைத்து, அதட்டலெல்லாம் அடங்கிக் கிடந்தது.

சட்டி கை நழுவி விழுந்தது. 

சட்டி விழுந்த சத்தத்தில் மாடியிலிருந்து சின்னவள் ஓடி வந்தாள், வாயில் பல்துலக்கும் பிரஷ்ஷோடு. முற்றத்தைப் பார்த்தாள். பிரஷ் கீழே விழுந்தது.

"ஐயோ... அக்கா!"

பத்தொன்பது நாளுக்கு அப்புறம் சின்னவள் வாயிலிருந்து வந்த முதல் 'அக்கா' அதுதான். அதைக் கேட்டுச் சந்தோஷப்படும் நிலையில் யாரும் இல்லை.

பத்தொன்பது நாளுக்கு முன்னால் நடந்த சட்டைச் சண்டையை வாராவாரம் படிப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மறந்தவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். அண்ணன் மனைவி பெரியவள், தம்பி மனைவி சின்னவள். பெரியவளுக்கு மருந்துக்கடையில் வேலை. சின்னவளுக்குத் துணி பிரித்துத் தைக்கிற கடையில் வேலை. தன் நல்ல சட்டையைக் கொஞ்சம் தளர்த்திக் கொடுக்கச் சொன்னாள் பெரியவள். சின்னவள் தளர்த்தினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். விருந்தாளிகள் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது, "மூணு இன்ச் பிரிச்சு விட்டுட்டேன், இதுக்கு மேல துணி இல்லை, இனிமே அக்காதான் மனசு வைக்கணும்" என்று சொல்லிச் சிரித்தாள்.

"துணியை அளக்கத் தெரிஞ்சவளுக்கு வாயை அளக்கத் தெரியலை" என்றாள் பெரியவள். அவ்வளவுதான். ஒரு வார்த்தை இரண்டாகி, இரண்டு இருபதாகி, அன்று சாயங்காலமே ஒரு கூரைக்குக் கீழ் இரண்டு அடுப்பு எரிந்தது. போன வாரம் சின்னவளின் கணவன், லிஃப்ட் மெக்கானிக், வேறு வீடு பார்த்துவிட்டான். சாமான் ஏற்ற வேன் நாளைக் காலை பத்து மணிக்கு வருகிறது. பெரியவளின் கணவர் லாரியோடு வெளியூர் போயிருக்கிறார். வெள்ளிக்கிழமை திரும்பும்போது மாடி காலியாக இருக்கும்.

போகாதீங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் நின்றுவிடுவார்கள் என்பது பெரியவளுக்குத் தெரியும். மாடியில் அந்தத் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் இல்லாமல் தனக்கு மத்தியானத் தூக்கம் வராது என்பதும் தெரியும். அந்த ஒரு வார்த்தைதான் தொண்டைக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தது.

இனி முற்றத்துக்குத் திரும்புவோம்.

ஒன்பது உருப்படி. சேவல் ஒன்று, பெட்டை எட்டு. மெக்கானிக் ஒவ்வொன்றாகத் தூக்கி, பழைய பேப்பரில் சுற்றி வரிசையாக வைத்தான். செத்தது சேவலோடு சேர்த்து ஐந்து. அவன் முகம் வெளுத்திருந்தது.

"மரநாய்தான் அண்ணி. கழுத்தைக் கடிச்சுக் கடிச்சுப் போட்டிருக்கு. ஒண்ணைக்கூடத் திங்கலை."

"திங்கவாவது செஞ்சிருக்கலாமே" என்றாள் பெரியவள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பசிக்குச் செய்திருந்தால் ஒரு நியாயமாவது இருந்திருக்கும் என்று பட்டது. அதிர்ச்சி மெல்ல மெல்லக் கோபமாக மாறியது. கோபத்துக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. ஆள் பக்கத்திலேயே நின்றாள்.

"தம்பி, நேத்து சாயங்காலம் வீட்டுல யாரு இருந்ததுன்னு கேளுங்க."

பத்தொன்பது நாளாக இந்த மெக்கானிக்தான் வீட்டின் தபால்பெட்டி. கீழே இருந்து மேலே, மேலே இருந்து கீழே, எல்லாச் செய்தியும் அவன் வழியாகத்தான் போகும். அவன் வாயைத் திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"என்னங்க, நான் வரும்போதே கிளிப் மாட்டியிருந்துச்சுன்னு சொல்லுங்க அவங்ககிட்ட."

இந்தக் கிளிப் விவகாரத்தைச் சொல்லியாக வேண்டும். பேச்சு நின்றுபோன வீட்டில் கோழிக்கூட்டைப் பூட்டியாச்சா என்று எப்படிக் கேட்பது? அதற்கு இவர்கள் கண்டுபிடித்த வழி, துணி காயப்போடும் கிளிப் ஒன்று. நீல நிறம். பகலில் அது அடுக்களையை ஒட்டிய பின்வாசல் ஆணியில் தொங்கும். சாயங்காலம் யார் கூட்டைப் பூட்டுகிறார்களோ அவர்கள் அதை எடுத்து அடுக்களை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட வேண்டும். கம்பியில் கிளிப் இருந்தால் பூட்டியாச்சு என்று அர்த்தம். யாரும் யாரிடமும் வாயைத் திறக்க வேண்டியதில்லை. வாயைத் திறக்காமல் இருப்பதற்காக மனிதர்கள் படுகிற பாடு இருக்கிறதே, அதில் பாதி பட்டால் சண்டையே தீர்ந்துவிடும்.

"கிளிப் தானா நடந்து போய் மாட்டிக்கிச்சா?" இந்தத் தடவை பெரியவள் தபால்பெட்டியைத் தாண்டி நேராகவே கேட்டாள். "நான் அஞ்சு மணிக்குக் கடைக்குப் போறப்ப எல்லாம் வெளியிலதான் மேய்ஞ்சுக்கிட்டிருந்துச்சு. திரும்பி வர்றப்ப மணி ஒன்பது. கம்பியில கிளிப் இருந்துச்சு, சரி, பூட்டியாச்சுன்னு போய்ப் படுத்தேன். நடுவுல வந்தது நீ ஒருத்திதான். தம்பி வந்ததே எனக்கு அப்புறம்தான்."

"நான் ஆறரைக்கு வந்தேன். அப்பவே கம்பியிலதான் இருந்துச்சு. நீங்க பூட்டிட்டுப் போயிட்டீங்கன்னு நினைச்சேன்."

"அஞ்சு மணிக்கு எவளாவது கூட்டைப் பூட்டுவாளா? வெயில் மண்டையைப் பொளக்குது!"

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"பொய்னு நான் சொல்லலை. நாளைக்குத்தான் போறோமே, நமக்கென்ன இந்தக் கோழிங்கன்னு மறந்திருப்பே."

சின்னவள் விறுவிறுவென்று அடுக்களைக்குள் போனாள், பெரியவளும் பின்னாலேயே போனாள். ஜன்னல் கம்பியிலிருந்து அந்தக் கிளிப்பைப் பிடுங்கி, அடுக்களை மேடைமேல் படாரென்று வைத்தாள்.

"இந்தாங்க. நாளையிலேருந்து இது உங்களுக்கு மட்டும்தான். நீங்களே மாட்டுங்க, நீங்களே கழட்டுங்க."

கிளிப்பின் பல்லிடுக்கில் ஏதோ காகிதத் துணுக்கு ஒட்டியிருந்தது. அதையெல்லாம் பார்க்கும் நிலையில் யாரும் இல்லை.

"அண்ணி!" என்று முற்றத்திலிருந்து மெக்கானிக் கத்தினான். "இங்க ஒண்ணு அசையுது!"

குளியலறைத் தகரத்தின் மேல் இரண்டு பெட்டைகள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தன. அவற்றுக்கு ஒரு கீறல்கூட இல்லை. கூட்டின் மூலையில், முட்டைப் பெட்டிக்குப் பின்னால், இன்னும் இரண்டு. வெள்ளையாக இருப்பது பஞ்சு. பழுப்பாக இருப்பது வாயாடி. முட்டை போட்டுவிட்டால் தெருவுக்கே ஊர்வலமாக அறிவிக்கிற ஜாதி அது.

வாயாடி இப்போது ஒரு சத்தமும் போடவில்லை. கண் பாதி மூடியிருந்தது. முதுகில் ஒரு உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கிழிந்து, போர்வை விலகியது போல ஒதுங்கி, உள்ளே சிவப்பாகச் சதை தெரிந்தது.

சின்னவள் சட்டென்று திரும்பி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"செத்துடும்" என்றான் மெக்கானிக் மெல்ல.

"வாயை மூடுங்க" என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

பெரியவளுக்குள் இருந்த மருந்துக்கடைக்காரி விழித்துக்கொண்டாள். ஒரு அட்டைப்பெட்டியில் பழைய துண்டை விரித்து இரண்டையும் அதில் வைத்தாள். வெந்நீரை பாட்டிலில் ஊற்றி, துணியில் சுற்றி, ஓரமாகச் சாய்த்து வைத்தாள். பெட்டியின் மேல் ஒரு துணியைப் போட்டு இருட்டாக்கினாள். பஞ்சுவைத் தூக்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

"பஞ்சுக்கு ஒண்ணுமில்லை, பயந்துதான் போயிருக்கு" என்று பொதுவாகக் காற்றிடம் சொன்னாள். "நான் கடையைத் திறக்கச் சொல்லி சலைனும் அயோடினும் எடுத்துட்டு வரேன். அதுவரைக்கும் யாரும் கையை வைக்க வேண்டாம்."

கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினாள்.

அவள் திரும்ப முக்கால் மணி நேரமானது. வந்து பெட்டியைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

வாயாடியின் முதுகு மூடியிருந்தது. வெள்ளைப் பட்டு நூலில், ஒரே இடைவெளியில், பதினொரு தையல். கல்யாணத் துணிக்குக்கூட அவ்வளவு சீராக யாரும் போட மாட்டார்கள். கையில் ஊசியோடு சின்னவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வியர்வை.

"ஊசியை வெந்நீர்ல போட்டு எடுத்தேன்" என்றாள், பெட்டியைப் பார்த்துக்கொண்டே. "கிழிஞ்சு தொங்குறதைப் பார்த்துக்கிட்டு என்னால உட்கார முடியலை."

பெரியவள் குனிந்து தையலைப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. பார்ப்பதற்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

அப்போது போன் அடித்தது. கால்நடை டாக்டரம்மா. பின்னணியில் ஏதோ மாடு அலறிக்கொண்டிருந்தது. பெரியவள் எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில், கொஞ்சம் பெருமையோடு என்றே வைத்துக்கொள்ளுங்கள், "எங்க வீட்டுச் சின்னவ தையல்காரி, டாக்டர். அழகா தைச்சுட்டா" என்றாள்.

"என்னது, தைச்சுட்டீங்களா?" டாக்டரம்மா போட்ட சத்தம் அறை முழுக்கக் கேட்டது. "முதல்ல அதைப் பிரிங்கம்மா! கடிச்ச வாய் என்ன சுத்தமான வாயா? பல்லுல இருக்கிற அழுக்கெல்லாம் உள்ளே போயிருக்கும். அதுமேல தைச்சா சீழை உள்ளே வெச்சுப் பூட்டின மாதிரி. வெளியே பார்க்க ஒண்ணும் தெரியாது, உள்ளே அழுகிடும். பிரிச்சு, கழுவி, திறந்தே விடுங்க. கோழித்தோல் தானா வளரும்."

"மரத்துப்போற ஆயின்ட்மென்ட் போடலாமா டாக்டர்? கையிலயே இருக்கு."

"அய்யய்யோ, போடவே போடாதீங்க, மனுஷங்க மருந்து அதுக்கு விஷம். ரெண்டு பேரும் சேர்ந்தே கொன்னுடுவீங்க போலிருக்கே! அயோடினைத் தண்ணியில நல்லா கலந்து, வெளிறின டீ நிறத்துக்குக் கொண்டுவந்து கழுவுங்க. தண்ணியை வாயில ஊத்தாதீங்க, அலகு ஓரத்துல சொட்டுச் சொட்டா வைங்க, அதுவே குடிச்சுக்கும். ஈ மொய்க்க விடாதீங்க. மத்த கோழிங்ககிட்ட விடவே விடாதீங்க, ரத்தத்தைப் பார்த்தாக் கொத்திடும். இன்னிக்கு ஆஸ்பத்திரியில நான் ஒருத்திதான். மருந்துக்கு ஆளை அனுப்புங்க, நாளைக் காலையில முதல்ல உங்க கோழியைத்தான் பார்ப்பேன்."

போன் வைக்கப்பட்டது. மெக்கானிக் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். நல்லவன், எந்த நேரத்தில் வீட்டில் இருக்கக் கூடாது என்று தெரிந்தவன்.

சின்னவள் எழுந்து நூல் வெட்டும் சின்னக் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். போட்ட தையலைத் தானே பிரிப்பது அவளுக்குப் புதிது இல்லை, பிழைப்பே அதுதான். ஆனால் துணி மூச்சு விடாது.

"நான் பிடிச்சுக்கிறேன்" என்றாள் பெரியவள்.

வாயாடியைத் துண்டில் சுற்றி, தலையை மட்டும் தன் கைக்குள் மூடி, மடியில் வைத்துக்கொண்டாள். சின்னவள் முதல் முடிச்சை வெட்டினாள். கோழி ஒருமுறை துள்ளியது.

"மெதுவாம்மா."

"மெதுவாத்தான் பண்றேன்."

இரண்டு. மூன்று. ஒவ்வொரு நூலாக உருவி எடுக்க எடுக்க, அந்தச் சிவப்பு மறுபடியும் திறந்தது. ஏழாவது தையலில் சின்னவளுக்குக் கண்ணீர் மறைத்தது. பெரியவள் தன் முந்தைய கோபத்தையெல்லாம் எங்கே வைத்தோம் என்று மறந்தவளாய், தோள்பட்டையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். கை இரண்டும் கோழியிடம் இருந்ததே, வேறு வழி?

ஊசி இல்லாத சிரிஞ்சில் உப்புநீரை எடுத்து, மெல்லிசாகப் பீய்ச்சிப் பீய்ச்சிக் கழுவினார்கள். மண், இறகுத் துணுக்கு, காய்ந்த ரத்தக்கட்டி எல்லாம் வந்தது. மூன்று கிண்ணம் தண்ணீர் சிவந்து, நான்காவது தெளிந்தது. பின்பு அயோடின். ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த இறகுகளைச் சின்னவள் ஒவ்வொன்றாகக் கத்தரித்தாள்.

மணி பன்னிரண்டு இருக்கும். பஞ்சுவுக்கும் சர்க்கரைத் தண்ணீர் வைக்கலாம் என்று பெரியவள் துணியை விலக்கினாள்.

பஞ்சு உட்கார்ந்த வாக்கிலேயே தலையைத் தொங்கப்போட்டிருந்தது. தூக்கினாள். தலை ஆடியது.

"என்னக்கா?"

பெரியவள் பதில் சொல்லாமல் கழுத்து இறகை எதிர்ப்பக்கமாக ஊதினாள். வெள்ளை இறகு பிரிந்தது. அடியில், கழுத்தோடு உடம்பு சேரும் இடத்தில், நான்கு சின்னச் சின்ன ஓட்டைகள். பென்சில் முனை அளவுதான். சுற்றிலும் தோல் கரும்பச்சையாக வீங்கியிருந்தது.

"நான் பார்த்தேனே" என்றாள் பெரியவள். "ஒண்ணுமில்லைன்னு சொன்னேனே. மேலோட்டமா பார்த்துட்டு... நான்தானே சொன்னேன்..."

"விடுங்கக்கா. யாருக்குத் தெரியும்? ரத்தமே இல்லையே."

"கையில வெச்சுத் திருப்பிப் பார்த்தேனேம்மா!"

ஐந்து ஆறானது. பெரியவள் அந்த வெள்ளைக் கோழியை மடியிலிருந்து இறக்கவே இல்லை. சின்னவள்தான் வாங்கி, மிச்சமிருந்த கடைசிப் பழைய பேப்பரில் சுற்றி, முற்றத்து மூலையில் மற்றவற்றோடு புதைத்தாள்.

மத்தியானம் மெக்கானிக் மருந்தோடு வந்தான். சின்னவள் மாடிக்குப் போய், பாதி மூட்டை கட்டியிருந்த துணிகளுக்குள்ளிருந்து வலைத்துணி ஒன்றைத் தேடி எடுத்து வந்தாள். கழுத்தில் அளவுநாடா.

"ஈ மொய்க்காம இருக்க இதுக்கு ஒரு முதுகுச் சட்டை தைக்கலாம்னு பார்க்கிறேன். காயத்துல ஒட்டாம, கூடாரம் மாதிரி தூக்கினாப்ல" என்றாள். வாயாடியின் முதுகிலிருந்து வால் வரை நாடாவைப் பிடித்தாள். சிறகுக்குச் சிறகு பிடித்தாள். குறிக்கச் சிலேட்டுக்குச்சியைத் தேடினாள்.

"அளவை என்கிட்ட மட்டும் சொல்லு" என்றாள் பெரியவள். "நாலு பேர் முன்னாடி சொல்லிடாதே. பாவம், அதுக்கும் மானம் இருக்கும்."

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். பெரியவள் முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் உதட்டோரம் ஏதோ துடித்தது. அடுத்த நிமிடம் இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது சின்னவள் அழ ஆரம்பித்தாள். சிரித்தது எப்போது முடிந்தது, அழுதது எப்போது தொடங்கியது என்று மெக்கானிக்குக்குப் புரியவில்லை. அவன் திண்டாடிப் போய்த் தீவனச் சட்டியைக் கழுவக் கிளம்பினான்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் எனக்கும் நிம்மதி.

மணி ஐந்தரை. பெட்டியில் விரித்த துண்டு நனைந்துவிட்டது. சின்னவள் மேலே சட்டையைத் தைத்துக்கொண்டிருந்தாள். மெஷின் சத்தம் கேட்டது. துண்டை எடுத்துவிட்டுப் பேப்பர் விரிக்கலாம் என்று பெரியவள் தேடினாள். பழைய பேப்பரெல்லாம் செத்த கோழிகளோடு மண்ணுக்குள் போய்விட்டது. தண்ணீர் பிடிக்க முற்றத்துக்குப் போனபோது, டிரம்முக்குப் பின்னால் ஒரு முழுத் தாள் காற்றில் ஒதுங்கிக் கிடந்தது. காய்ந்த தாள். எடுத்து வந்தாள். அடுக்களை மேடையில் பெட்டியை வைத்து, தாளை விரித்து, வாயாடியை மெல்ல அதன்மேல் உட்கார வைத்தாள்.

தாளில் ஒரு பெரிய ஷூ விளம்பரம். பளபளவென்று கறுப்பு ஷூ. அதன் மூக்கு நுனியைக் காணவில்லை. தாளின் அந்த மூலை கிழிந்து போயிருந்தது.

இந்த ஷூவை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று நினைத்தாள்.

எங்கே பார்த்தாள் என்பது அடுத்த நொடி ஞாபகம் வந்தது.

நேற்று நாலு மணி. அடுப்புக்கு எதிரே இருக்கிற ஜன்னலில் வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. கரண்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டே பேப்பர் தாள் ஒன்றை எடுத்து, ஜன்னல் கம்பியில் வைத்து மறைத்தாள். மாட்டுவதற்குக் கை நீட்டிய இடத்தில் அகப்பட்டது, பின்வாசல் ஆணியில் தொங்கிய கிளிப். தாளித்துக்கொட்டி, அடுப்பை அணைத்து, ஐந்து மணிக்கு அவசரமாகக் கடைக்கு ஓடினாள். அப்போது ஜன்னலில் ஷூ இருந்தது. அதன்பிறகு காற்று அடித்திருக்கிறது. தாள் பிய்த்துக்கொண்டு பறந்திருக்கிறது. கிளிப் மட்டும் கம்பியில் நின்றிருக்கிறது, பூட்டியாச்சு, பூட்டியாச்சு என்று.

அவள் மேடையைப் பார்த்தாள். காலையில் சின்னவள் வைத்த இடத்திலேயே நீலக் கிளிப் கிடந்தது. அதன் பல்லிடுக்கில் முக்கோணமாக ஒரு துணுக்கு. உருவினாள். கறுப்பு ஷூவின் மூக்கு.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் அவள் உள்ளங்கையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு இருந்தது.

மெஷின் நின்றது. படியில் காலடிச் சத்தம். பெரியவள் கையை மூடிக்கொண்டாள்.

சின்னவள் வந்தாள். கையில் அந்தக் குட்டிச் சட்டை. ஆனால் கோழியிடம் போகவில்லை. நேராகப் பெரியவள் முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். காலையிலேருந்து யோசிச்சு யோசிச்சுப் பார்க்கிறேன். நீங்க சொன்ன கணக்குதான் சரியா வருது. அஞ்சு மணிக்கு நீங்க போறப்ப கோழி வெளியில இருந்துச்சு. வந்தது நான் ஒருத்திதான். நேத்து கடையில பதினாலு உருப்படி, மண்டை மரத்துப்போய் வந்தேன். நானே கிளிப்பை மாட்டிட்டு, பூட்ட மறந்துட்டு, அப்புறம் பார்த்தப்ப நீங்க மாட்டினதுன்னு நினைச்சிருக்கேன். அப்படித்தான் இருக்கணும். வேற எப்படி இருக்க முடியும்?"

பெரியவள் மூடிய கையை இறுக்கிக்கொண்டாள்.

"ஆறு உயிருக்கா. என்னாலதான். தப்பைப் பண்ணிட்டு வீட்டை விட்டு ஓடினவளா இருக்க எனக்குப் பிடிக்கலை. அவர்கிட்ட வேனை வேண்டாம்னு சொல்லச் சொல்லிட்டேன். இது ஆறுற வரைக்கும் நான் எங்கயும் போகலை. நீங்க போகச் சொன்னாலும் போகலை."

இதோ, கேட்டது கிடைத்துவிட்டது. பத்தொன்பது நாளாகத் தொண்டைக்குள் உட்கார்ந்திருந்த வார்த்தையைச் சொல்லாமலே கிடைத்துவிட்டது. இப்போது கையை விரித்தால் போதும். 'நீ இல்லைம்மா, நான்' என்று மூன்று சொல். ஆனால் அதைச் சொன்னால், காலையில் நாக்கில் நரம்பில்லாமல் பேசியதெல்லாம் தன் பக்கமே திரும்பும். தப்புச் செய்யாதவள் தலை நிமிர்ந்து நாளைக்கே வேன் ஏறலாம்.

"சரி, விடும்மா" என்றாள் பெரியவள். "மனுஷங்கதானே. மறதி யாருக்குத்தான் இல்லை?"

இத்தனை வாரமாக இவளுக்காகப் பரிந்து எழுதிக்கொண்டு வந்தவன் நான். இந்த இடத்தில் எனக்கே இவளை இரண்டு வார்த்தை கேட்கத் தோன்றுகிறது. அவளுக்கும் தன் குரல் காதில் விழுந்தபோது திக்கென்றது. மன்னித்துவிட்டாளாம்!

சின்னவள் சட்டென்று குனிந்து அவள் மூடிய கையின்மேல் தன் கையை வைத்து அழுத்தினாள். பின் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டாள்.

"மேலே மெஷின் பல்பு சூட்டுல வெச்சுக்கிறேன்க்கா. சட்டையும் அங்கயே மாட்டிடலாம்."

போய்விட்டாள். பெட்டியோடு, கோழியோடு, கோழிக்கு அடியில் இருந்த தாளோடு. படியேறும்போது தாள் மொறமொறத்தது.

பெரியவள் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேலே வாயாடி ஒரு சின்னச் சத்தம் போட்டது. காலையிலிருந்து முதல் சத்தம். பிழைத்துக்கொள்ளும் போலிருந்தது.

"அக்கா!" என்று மாடியிலிருந்து குரல் வந்தது. "இந்தப் பேப்பர்ல ஒரு மூலையைக் காணோம், அது வழியா ஈரம் இறங்குது. வேற இருந்தா குடுங்களேன்!"

"வரேன்" என்றாள்.

"இது சும்மா கிழிஞ்சதில்லைக்கா, வேடிக்கையா இருக்கு. ஒரு இடத்துல எதுவோ கவ்விப் பிடிச்சிருக்கு, மிச்சத்தைக் காத்து இழுத்திருக்கு. பல்லு பட்ட தடம்கூட இருக்கு."

கிழிசலைப் பார்த்ததும் காரணம் சொல்வது அவள் தொழில். சொல்லிவிட்டு மேலே அவள் பேசவில்லை. மெஷினும் ஓடவில்லை.

பெரியவள் இன்றைய பேப்பரை எடுத்தாள்; மடிப்பே பிரிக்காதது. அதை இடது கையில் பிடித்துக்கொண்டாள். வலது கை இன்னும் மூடியே இருந்தது, உள்ளே வியர்வையில் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. படியேறினாள். எத்தனையோ ஆயிரம் தடவை ஏறிய படிதான். ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு ஏறினாள்.

மாடிக் கதவு திறந்திருந்தது. சின்னவள் தரையில் உட்கார்ந்து, அந்தத் தாளை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டதும் திரும்பினாள்.

"குடுங்கக்கா" என்று கையை நீட்டினாள்.

எந்தக் கையை நீட்டுவதென்று தெரியாமல் பெரியவள் வாசற்படியிலேயே நின்றாள்.